கீழே ஒரு பூட்டு, மேலே இருபத்திரண்டு பிள்ளைகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு தோட்டத்து நகரத்திலிருந்து, வழக்கறிஞரான எனக்கு ஒரு தாய் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்குத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை. கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். 19 வயது மகள் பி.டி.பி.டி.என் என்ற அரசாங்கக் கல்விக் கடனில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கிறாள். கல்லூரி நடப்பது கடைவீட்டு வரிசையில். அதே வரிசையின் கடைசிக் கடைவீட்டில் இரண்டாவது மாடிதான் பெண்கள் விடுதி. கீழே சாப்பாட்டுக் கடை, முதல் மாடியில் சாமான் கிடங்கு. மேலே பலகைத் தடுப்புப் போட்டு ஆறு அறைகள், 22 பெண்கள். ஜன்னல் எல்லாவற்றுக்கும் கிரில். இறங்க ஒரே படிக்கட்டு, அதன் அடியில் ஒரு இரும்புக் கதவு. இரவு பத்து மணிக்கு வார்டன் அதை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சாவியோடு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

போன மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரை மணி. ஓர் அறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஓடியிருக்கின்றன. வயர் உருகி, பக்கத்தில் கிடந்த துணி புகைய ஆரம்பித்தது. பிள்ளைகள் இருட்டில் இறங்கி ஓடி வந்து கதவைப் பிடித்து ஆட்டினார்கள். வார்டன் போனை எடுக்கவில்லை. கடையை மூடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் சத்தம் கேட்டு, இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தான். யாருக்கும் காயமில்லை. மறுநாள் கல்லூரி ஒரு புதுப் பூட்டு வாங்கி மாட்டியது. பழையதைவிடப் பெரியது. அறையில் சமைத்ததற்காக ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், வெளியே பேசக் கூடாது என்று எச்சரிக்கையும் சேர்த்து.

அந்தத் தாய் கேட்பது இது: மகளை அங்கிருந்து எடுத்துவிடலாமா? எடுத்தால் படிப்பும் கடனும் என்ன ஆகும்? விடுதிக்குக் கட்டிய பணம் திரும்புமா? ‘எந்த அசம்பாவிதத்துக்கும் கல்லூரி பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி வாய் திறக்க முடியுமா? கணவரோ, “அதான் ஒன்றும் ஆகவில்லையே, விடு” என்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: “சேர்க்கப் போன அன்று, ராத்திரியில் பூட்டிப் போடுங்கள் என்று சொன்னதே நான்தான் சார்.”

அம்மா,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. பெண்பிள்ளையைத் தெரியாத ஊரில் கடைத்தெருவுக்கு மேலே தங்க வைக்கும் எந்தத் தாயும் கதவைப் பற்றித்தான் முதலில் கேட்பாள். நீங்கள் கேட்டது வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது. அவர்கள் செய்தது உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாதபடி. இரண்டும் ஒன்றல்ல. நான் பிறந்து வளர்ந்ததும் லயத்து வீட்டில்தான். இரவில் கதவை அடைத்துத்தான் படுப்போம், ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும். வெளியே பூட்டுப் போடுவது ஸ்டோருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும்.

ஆகவே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று கல்லூரியோடு வாதாடாதீர்கள். அந்த வாதத்தில் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள், ‘உங்கள் பிள்ளையின் பாதுகாப்புக்குத்தானே’ என்ற ஒரே சொல்லில். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும், உள்ளிருந்து கையால் திருகினாலோ தள்ளினாலோ திறக்கும் என்கிற மாதிரிப் பூட்டுகள் இரும்புச் சாமான் கடையிலேயே கிடைக்கின்றன. நள்ளிரவில் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால், கதவு திறந்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம், கேமரா வைக்கலாம், வார்டனை அதே மாடியில் தங்க வைக்கலாம். இவற்றில் எதையும் செய்யாமல் ஒரு மாங்காய்ப் பூட்டை மாட்டியதற்குக் காரணம், அதுதான் மலிவு.

சட்டம் அந்தக் கதவைப் பற்றி என்ன சொல்கிறது

நம் நாட்டில் கட்டடங்களுக்கு 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள் உண்டு. அதில் 173ஆவது விதி இந்தக் கதவுக்காகவே எழுதியது போல இருக்கும்: வெளியேறும் கதவு எதுவானாலும் உள்ளிருப்பவர் சாவி இல்லாமல், தனி வித்தை எதுவும் தெரிய வேண்டியதில்லாமல், சிரமமில்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். அவ்வளவுதான். பெண்கள் விடுதிக்கு விதிவிலக்கு என்று அதில் இல்லை.

படிக்கட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். ஒரே படிக்கட்டு இருப்பதே குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படிச் சொல்ல முடியாது. உச்சி மாடியின் உயரம் 12 மீட்டரைத் தாண்டாத கட்டடத்துக்கு ஒற்றைப் படிக்கட்டு போதும் என்று அதே உபவிதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் நிபந்தனைகள் உண்டு. கீழே கடை இருந்தால், கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மகளிடம் கேட்டுப் பாருங்கள்: சாப்பாட்டுக் கடையின் பின்கதவு அந்தப் படிக்கட்டுப் பக்கம் திறக்கிறதா? கேஸ் சிலிண்டர்களைப் படிக்கு அடியில் அடுக்கி வைக்கிறார்களா? முதல் மாடிக் கிடங்கின் பெட்டிகள் படி வரைக்கும் வந்துவிட்டனவா? பூட்டுக்கு அடுத்தபடியாக நான் பயப்படுவது இவற்றுக்குத்தான்.

பலகைத் தடுப்பைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2017 செப்டம்பர் 14ஆம் தேதி விடியற்காலை, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீ. 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். ஜன்னல்களில் கிரில். தீ எரிந்த பக்கம்தான் கதவு. வரைபடத்தில் அந்த மாடிக்கு இரண்டு வழி இருந்ததாகவும், பிறகு எழுப்பிய ஒரு சுவர் ஒரு வழியை அடைத்துவிட்டதாகவும் அப்போது அமைச்சர் சொன்னார். காகிதத்தில் இரண்டு வழி, தரையில் ஒன்று. அந்தத் தீ வைக்கப்பட்ட தீ, உண்மைதான். ஆனால் யார் வைத்தாலும், எப்படிப் பிடித்தாலும், வழி இல்லாதது வழி இல்லாததுதான். அதற்கு முன்பு 1989 செப்டம்பரில் கெடா, குவார் செம்பெடாக்கில் பள்ளி விடுதித் தீயில் 27 மாணவிகள் இறந்துபோனார்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

கல்லூரி உங்களிடம் ‘எங்களுக்கு பொம்பா (தீயணைப்புத் துறை) சான்றிதழ் தேவையில்லை, இடம் சின்னது’ என்று சொல்லக்கூடும். 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, குறிப்பிட்ட வகையும் அளவும் உள்ள கட்டடங்கள்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் எடுக்க வேண்டும். உங்கள் விடுதி அதில் வருமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் ‘தீ அபாயம்’ என்று ஒன்று உண்டு, அதற்குக் கட்டடத்தின் அளவு பொருட்டல்ல. தப்பிக்கும் வழியை அடைத்து வைப்பது அதற்குள் வரும். பொம்பா அதிகாரி வந்து பார்த்து, அபாயத்தை நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். கேட்காவிட்டால் அது குற்றம். நீதிமன்றத்தின் மூலம் இடத்தை மூடவும் வழியுண்டு. நோட்டீஸ் கல்லூரிக்கு மட்டும்தான் போகும் என்றில்லை, கடைவீட்டு முதலாளிக்கும் போகலாம். கடைவீட்டை விடுதியாக மாற்ற ஊராட்சி மன்றத்தின் அனுமதி வாங்கினார்களா என்பது தனிக் கேள்வி.

‘ஒன்றும் ஆகவில்லையே’

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. யாருக்கும் காயமில்லாததால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட இன்றைக்கு எதுவும் இல்லை. நட்டஈட்டுச் சட்டம் அடிபட்ட பிறகுதான் வாய் திறக்கும். தீயணைப்புச் சட்டம் அப்படியல்ல, அது அதற்கு முன்பே வந்து கதவைத் தட்டும். அன்றிரவு அந்தக் கடைப் பையன் பத்து நிமிடம் முன்னதாகக் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தால் என்ற ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் கேளுங்கள். வேறு சட்டம் பேச வேண்டாம்.

தப்பு நம் பிள்ளைகள் மேல்தானே என்று கூசுகிறீர்கள். தப்பு இருக்கிறது. ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். கெட்டில் ஒன்றே 2,000 வாட் அளவுக்கு இழுக்கும், அயர்ன் பாக்ஸ் ஆயிரத்துக்கு மேல், குக்கர் ஒரு ஐந்நூறு. மூன்றையும் ஒரே வயரில் சொருகினால் உருகாமல் என்ன செய்யும்? சமைக்கக் கூடாது என்ற விதி நியாயமானது, அபராதத்தைக் கட்டிவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் வயரை உருக்கியது பிள்ளைகள், கதவைப் பூட்டியது கல்லூரி. சட்டத்தில் இருவர் மேலும் தவறு இருந்தால், அவரவர் பங்குக்கு ஏற்பப் பொறுப்பைப் பிரிப்பார்கள். ஒருவர் தவறு மற்றவர் தவறைக் கழுவிவிடாது. அத்தோடு 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையைத் தன் ஊழியரோடு நிறுத்துவதில்லை. அவர் நடத்தும் காரியத்தால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களுக்கும் அது நீளும். மாணவர்களும் அந்த ‘மற்றவர்’தான்.

கையெழுத்துப் போட்ட தாள்

இங்கே இரண்டு திருத்தம். முதலாவது, நம் நாட்டில் 18 வயதோடு ஆள் மேஜர். விடுதி ஒப்பந்தம் உங்கள் மகளுடையது. நீங்கள் பெரும்பாலும் உத்தரவாதம் கொடுத்தவராகத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆகவே கடிதமோ கோரிக்கையோ எதுவானாலும் அவள் பெயரில், அவள் சம்மதத்தோடு போக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் ஓடிப்போய் எதுவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, ‘கல்லூரி பொறுப்பல்ல’ என்று அச்சடித்ததாலேயே பொறுப்பு போய்விடாது. 2018 இறுதியில் நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில், ஒருவர் நீதிமன்றம் போவதையே முழுதாக அடைக்கும் ஒப்பந்த விதி 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும் நியாயமற்ற விதிகளுக்கு எதிரான பகுதி உண்டு. உங்கள் தாளில் இருக்கும் வாசகத்தைப் படிக்காமல் அது செல்லாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீதிமன்றத்துக்கே போக விடாத விதியை நீதிமன்றம் ஒதுக்கியிருக்கும்போது, பொம்பாவிடம் புகார் கொடுப்பதை இந்தத் தாள் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புகார் கொடுப்பதா, எப்படி

வழக்கமாக நான் சொல்வது, முதலில் எழுத்தில் கேளுங்கள், 14 நாள் கொடுங்கள், பிறகு மேலே போங்கள் என்று. இந்த விஷயத்தில் அது சரிப்படாது. 14 நாள் என்றால் 14 இரவு அந்தப் பூட்டு. கல்லூரிக்குக் கடிதம் கொடுக்கும் அதே நாளில் பக்கத்து பொம்பா நிலையத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். பெயரை வெளியில் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். சின்ன ஊர்களில் நிலையத்து ஆட்கள் கடைத்தெருவைக் கையில் இருக்கும் ரேகைபோல் அறிந்தவர்கள். ‘இந்த வரிசையில் கடைசிக் கடைவீடு, இரண்டாவது மாடி, 22 பேர், பத்து மணிக்கு மேல் வெளியிலிருந்து பூட்டு’ என்று இடத்தையும் நேரத்தையும் சொன்னால் போதும். பகலில் வந்து பார்த்தால் பூட்டு இருக்காது என்பதால் நேரத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

கையில் ஆதாரம் வேண்டும். இரவில் பூட்டிய கதவின் படம், தேதியோடு. உடைந்த பழைய பூட்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள். வார்டன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அபராதச் செய்தியை அழிக்காதீர்கள், அவரே நடந்ததை ஒப்புக்கொண்ட தாள் அது. இதையெல்லாம் டிக்டாக்கில் போடத்தான் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அதிகாரிக்கு நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஊருக்கே பெயர் சொல்லிப் போடும் வீடியோவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

பழிவாங்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். 22 பிள்ளைகள் என்றால் 22 குடும்பம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே, ஒரு பிள்ளையைத் தனியாகப் பிடித்து மிரட்டுவது கஷ்டம். கடிதத்தின் ஒரு நகலைக் கடைவீட்டு முதலாளிக்கும் கொடுங்கள். என் அனுபவத்தில் முதலாளிகள் சட்டத்துக்கு அசையாவிட்டாலும் இன்சூரன்ஸுக்கு அசைவார்கள். கடை என்று சொல்லி எடுத்த தீக்காப்புறுதி, மேலே ஆள் தங்குவது தெரிந்தால் பணம் தருமா என்ற யோசனை அவருக்கு அன்றிரவே வந்துவிடும்.

விடுதியை விட்டால் படிப்பு போகுமா

போகாது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பியிருக்கிறீர்கள். கடன் படிப்புக்கு. விடுதி வேறு ஒப்பந்தம். படிப்பை நிறுத்தினால்தான் கடனில் சிக்கல். வெளியே அறை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தால் இல்லை. விடுதியில் தங்குவது கட்டாயம் என்று சேர்க்கைக் கடிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பணத்தைப் பொறுத்தவரை, மீதி மாதங்களுக்கான கட்டணத்தையும் வைப்புத் தொகையையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இதை ஒரு வழக்கறிஞரே சொல்கிறேன். இது வாடகை விஷயம், எங்களிடம் வராது என்று அங்கே சொன்னால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் 5,000 வெள்ளி வரை அதேபோல நீங்களே கேட்கலாம்.

எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு என் பதில்: கடிதம் கொடுத்து ஒரு வாரத்தில் பூட்டு மாறவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், பணம் வந்தாலும் வராவிட்டாலும். வெளியே எடுக்கும் அறையிலும் முதலில் ஜன்னல் கிரிலைத்தான் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் இரவுகள் இருக்கின்றனவே. மகளுக்கு இதைச் சொல்லுங்கள். கதவுக்கு இன்னொரு சாவி உள்பக்கம், கண்ணாடி உடைத்து எடுக்கும் சின்னப் பெட்டியில், உடனே வேண்டும் என்று பிள்ளைகள் சேர்ந்து கேட்கட்டும். சட்டத்துக்கு அது போதாது, ஆனால் இன்றைக்கு ஆகும். தூங்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், சாத்திய கதவு புகையைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பல்ல, புகை. புகை வந்தால் குனிந்து போக வேண்டும். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் திறக்கக் கூடாது. கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு, 999ஐ அழைத்து, ஜன்னலோரம் நின்று குரல் கொடுக்க வேண்டும். வார்டனுக்கு அப்புறம் போன் செய்துகொள்ளலாம்.

புகை அலாரம் மாட்டித் தந்தால், அது சும்மா அடித்தாலும் எழுந்து இறங்கட்டும். 2000 ஜனவரியில் அமெரிக்காவில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் அலாரம் அடிக்கத்தான் செய்தது. பலமுறை பொய்யாக அடித்துப் பழகிப்போனதால், அன்றும் பொய் என்று நினைத்துப் பலர் உடனே எழவில்லை. மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

இன்னொன்று, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை அறையில் காமாட்சி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவதும், கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைப்பதும் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல்லூரிக்கு எழுதும் கடிதத்தில் குற்றச்சாட்டோடு ஆரம்பிக்காதீர்கள். ‘சேர்க்கை நாளன்று இரவில் பூட்டச் சொன்ன தாய் நான்’ என்றே முதல் வரியை எழுதுங்கள். இரண்டாவது வரியில், உள்ளிருந்து திறக்கும் பூட்டு எந்தத் தேதிக்குள் வரும் என்று கேளுங்கள்.